600 கார்ட்டூன் வரைந்தவரின் அஸ்தியை வாங்க ஆள் இல்லை: யார் இந்த பார்பரா ஷெர்மண்ட்?

1978-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மூதாட்டி இறந்தார். தகனம் முடிந்தது. அஸ்தியை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. 30 ஆண்டுகளுக்கும் மேலாக அது இறுதிச்சடங்கு நிலையத்திலேயே கிடந்தது. ஒரு காலத்தில் நியூயார்க்கைச் சிரிக்கவைத்த கார்ட்டூனிஸ்ட் பார்பரா ஷெர்மண்ட்தான் அந்த மூதாட்டி.

யார் இவர்?

1899-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஓவியம் படித்துவிட்டு நியூயார்க் போனார். 1925-ல் 'தி நியூயார்க்கர்' இதழ் ஆரம்பித்த அதே வருஷம் அதற்கு அட்டைப்படம் வரைந்தார். அடுத்தடுத்து அந்த ஓர் இதழில் மட்டும் கிட்டத்தட்ட 600 கார்ட்டூன்கள்!

அப்படி என்ன ஸ்பெஷல்?

அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைத்ததே 1920-ல்தான். அப்போதெல்லாம் கார்ட்டூனில் மனைவி என்றாலே கேலிப்பொருள். ஷெர்மண்ட் அதைத் திருப்பிப் போட்டார். அவர் படங்களில் பெண்கள்தான் பேசுவார்கள். கிண்டலில் மாட்டுவது பெரும்பாலும் ஆண்கள். பேசாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு காதலை மறந்துவிடலாம் என்று தோழியிடம் அலுத்துக்கொள்வாள் ஒருத்தி. ஆரம்ப காலத்தில் படமும் ஜோக்கும் அவருடையதே. 1950-ல் அமெரிக்க தேசிய கார்ட்டூனிஸ்ட்டுகள் சங்கம் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது, உள்ளே போன மூவரில் இவரும் ஒருவர்.

பிறகு ஏன் மறந்தார்கள்?

தொடர் காமிக்ஸில் ஒரு ஹீரோ இருப்பார். படைப்பாளியை மறந்தாலும் ஹீரோ நினைவில் நிற்பார். ஒற்றைப் பட ஜோக்குக்கு அந்த வசதி இல்லை. அந்த வாரம் சிரிப்போம். அடுத்த வாரம் இதழ் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. பிற்காலத்தில் 'எஸ்கொயர்' மாதிரி ஆண்களுக்கான இதழ்களுக்கு வரைந்தபோது, ஜோக்கை வேறு ஆட்கள் எழுதித்தர, இவர் படம் மட்டும் போட்டார். கையெழுத்து அவருடையது, குரல் அவருடையது இல்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார்ட்டூன் நூலகத்தில் அவருடைய ஒரிஜினல் ஓவியங்கள் இருந்தன. அங்கே பணிபுரியும் கெய்ட்லின் மெக்கர்க் அவர் வாழ்க்கையைத் தேட ஆரம்பித்தார். உறவுக்காரப் பெண் ஒருவரும் குடும்ப வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்தார். அஸ்தி விஷயம் தெரியவந்தது இவரால்தான். 2018-ல் கண்காட்சி நடந்தது. 2019-ல், பொதுமக்கள் தந்த நிதியில், கலிபோர்னியாவில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அஸ்தியைப் புதைத்தார்கள். 1918 ஃப்ளூ தொற்றில் இறந்துபோன அம்மா அவர். 2024-ல் மெக்கர்க்கின் புத்தகமும் வந்துவிட்டது.

நமக்கு என்ன இதில்?

தினமும் எத்தனை மீம், எத்தனை கார்ட்டூன் ஃபார்வர்டு செய்கிறோம்? ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுத்தான் பாதி வந்து சேர்கிறது. ஷெர்மண்ட்டுக்கு 'நியூயார்க் டைம்ஸ்' இரங்கல் குறிப்பு வெளியிட்டது 2022-ல். அவர் இறந்து 44 வருஷம் கழித்து.