மீன் தொட்டிக்கு ஒரு குடம், சாக்கடைக்கு நான்கு குடம்!

வண்ண மீன் தொட்டியின் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏற்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது? செஞ்சி வட்டாரம் போன்ற பாறை நிலங்களில், மழைநீர் பாறை இடுக்குகளின் வழியே ஊறிச் செல்லும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. இதைக் கடின நீர் என்கிறோம்.

கப்பி, மோலி போன்ற மீன்கள் இதில் நன்றாகவே வாழும். ஆனால் அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீருக்குப் பழகிய டிஸ்கஸ் மீனுக்கு இது ஒத்துவராது. அதனால்தான் சிலர் ஆர்.ஓ. வடிகட்டியை நாடுகிறார்கள். ஆனால் சாதாரண வடிகட்டி ஒன்று 5 குடம் நீரை வாங்கி, ஒரு குடம் தூய நீரைத் தந்து, 4 குடத்தை வெளியே விட்டுவிடக்கூடும்! இதைக் குறைக்க முடியாதா?

ஊறுகாயும் வடிகட்டியும்

உப்பிட்ட எலுமிச்சைத் துண்டுகள் நீர் விடுகின்றன அல்லவா? நீர், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து சவ்வைக் கடந்து உப்பு மிகுந்த பக்கம் செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். உப்பு மிகுந்த பக்கத்தைப் போதிய அழுத்தத்துடன் தள்ளினால், நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கிவிடும்.

தொடக்க காலச் சவ்வுகள் உப்பைத் தடுத்தன. ஆனால் நீரையும் மிக மெதுவாகவே விட்டன. 1950-களின் இறுதியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் ஒரு வழி கண்டனர். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல். அதைத் தாங்கக் கீழே நுண்துளைகள் நிறைந்த படலம். தோல் மெலிந்ததால் நீர் விரைந்து பாய்ந்தது. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது.

கழிவு நீர் எதற்கு?

பின்தங்கிய உப்பைக் கழுவிச் செல்ல நீர் வேண்டும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்புள்ள நீரில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்தால், கழிவு நீரில் உப்பு 750 ஆகும். நான்கில் மூன்று பங்கைப் பிரித்தாலோ 2400 ஆகிவிடும்! அப்போது சுண்ணாம்பு சவ்வின் மேலேயே படிந்து அதை அடைத்துவிடும். ஆகவே கழிவுக் குழாயை மனம்போல் இறுக்கி மூடுவது சிக்கனமாகாது.

சிக்கனத்துக்கு மூன்று வழிகள்

முதல் வழி, அழுத்தம். வீட்டுச் சவ்வுகள் ஏறத்தாழ 4 வளிமண்டல அழுத்தத்தில் வேலை செய்யும்படி அமைந்தவை. 10 மீட்டர் உயரத்துத் தொட்டி தருவதோ சுமார் ஒரு வளிமண்டல அழுத்தமே. அழுத்தம் குறைந்தால் தூய நீர் குறையும். கழிவின் பங்கு கூடும். இக்குறையைச் சிறு பம்பு தீர்க்கும்.

இரண்டாவது வழி, இன்னொரு சவ்வு. முதல் சவ்வின் 4 லிட்டர் கழிவை, அழுத்தம் குறையாமல் அடுத்த சவ்வுக்குள் செலுத்துங்கள். அதுவும் ஐந்தில் ஒரு பங்கு தந்தால் 0.8 லிட்டர் கிடைக்கும். ஆக, 5 லிட்டரில் 1.8 லிட்டர் தூய நீர்!

மூன்றாவது வழி, கலப்பு. உப்பே இல்லாத நீரும் மீனுக்கு ஆகாது. தொட்டிக்கு 200 மில்லிகிராம் அளவில் 30 லிட்டர் தேவை என்போம். 20 லிட்டர் தூய நீரும் 10 லிட்டர் கிணற்று நீரும் கலந்தால் போதும். முழுவதும் வடிகட்ட 150 லிட்டர் செலவாகும், கலந்தால் 110, இரண்டு சவ்வும் இருந்தால் ஏறத்தாழ 66 லிட்டர்தான்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இத்தகைய கருவிகள் குறைந்தது 60 விழுக்காடு நீரையாவது மீட்க வேண்டுமென்று வலியுறுத்தியது. 5 லிட்டருக்கு 3 லிட்டர்! நம் இரட்டைச் சவ்வும் அதை எட்டவில்லை. ஆகவே கழிவு நீரை வீடு கழுவவும் கழிவறைக்கும் சேமித்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

ஆர்.ஓ. வடிகட்டி ஓடும்போது, அதன் இரு குழாய்களின் நீரையும் பத்து நிமிடம் தனித்தனி வாளிகளில் பிடித்து அளவுங்கள். தூய நீரை மொத்த நீரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். உங்களுக்குக் கிடைத்த விழுக்காடு எவ்வளவு?