ஒரே வாசலை நம்பாத வியாபாரம்

நமது வர்த்தகர்களிடம் வீடியோ கேம் பற்றிப் பேசினால், "அது பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கென்ன?" என்பார்கள். ஆனால் அந்தத் தொழிலிலும் முதல், சரக்கு, இலாபம், நட்டம் எல்லாமே உண்டு. அமெரிக்காவின் ஆவ்ல்கெமி லாப்ஸ் என்ற சிறிய கம்பனியின் கதை, வெள்ளவத்தையில் புடைவைக் கடை வைத்திருப்பவருக்கும் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் நடத்துபவருக்கும் பயன்படக் கூடியது.

இக்கம்பனியை அலெக்ஸ் ஷ்வார்ட்ஸ் என்பவர் 2010இல் ஆரம்பித்தார். பின்னர் டெவின் ரைமர் அவருடன் சேர்ந்துகொண்டார். 2011இல் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. லொறியில் ஆட்களைக் களவாக எல்லை கடத்துவது போன்ற ஒரு விளையாட்டைச் செய்தார்கள். அப்பிள் கம்பனி அதைத் தனது கடையில் விற்க மறுத்துவிட்டது. செய்த சரக்கை அவர்கள் வீசிவிடவில்லை. ஆட்களுக்குப் பதிலாக மிருகங்களை லொறியில் ஏற்றி, மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டு போவதாக மாற்றி, பெயரையும் திருத்திக் கொடுத்தார்கள். அப்பிள் ஏற்றுக்கொண்டது. கடை மற்றவருடையது என்றால் சட்டமும் அவருடையதுதான்.

அடுத்து அவர்கள் 'மெய்நிகர்' விளையாட்டில் இறங்கினார்கள. கண்ணை மூடும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால், வேறோர் இடத்தில் நிற்பது போலவே தோன்றும். 2016 ஏப்ரலில் வைவ் என்ற கருவி 799 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. அதனுடன் வந்ததுதான் இவர்களின் 'ஜொப் சிமியுலேட்டர்'. 2050இல் எல்லா வேலைகளையும் ரோபோக்கள் செய்கின்றன. மனிதர் முன்பு எப்படி வேலை செய்தார்கள் என்பதை ஒரு நூதனசாலையில் பழகிப் பார்க்கலாம் என்பதே கதை. அலுவலகம், சமையலறை, வாகனத் திருத்துமிடம், சில்லறைக் கடை என நான்கு வேலைகள். நாம் தினமும் கவுண்டரில் நின்று செய்வதை, அங்கே காசு கொடுத்து விளையாடுகிறார்கள்!

சரக்கின் தரத்திலும் கவனமாக இருந்தார்கள். விளையாட்டில் ஒரு தக்காளியைக் கையில் எடுத்தால், கை மறைந்து தக்காளி மட்டுமே தெரியும். ஆனால் பெரும்பாலானோர் கை மறைந்ததைக் கவனிப்பதே இல்லை. பொருளைப் பிடித்திருக்கும் உணர்வு அவ்வளவு இயல்பாக இருந்தது.

கவனிக்க வேண்டிய விடயம் இனித்தான் வருகிறது. வைவ் கருவியோடு மட்டும் அவர்கள் நின்றுவிடவில்லை. 2016 முடிவதற்குள் சோனியின் கருவியிலும், பேஸ்புக்கிற்குச் சொந்தமான ஒகியுலஸ் கருவியிலும் அதே விளையாட்டு விற்பனைக்கு வந்தது. 2017 ஆரம்பத்தில் விற்பனை 30 இலட்சம் டொலரைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் கூகுள் இக்கம்பனியை வாங்கியது. விலை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை.

கூகுளிடம் டேட்ரீம் என்ற சொந்தக் கருவி இருந்தது. 2019 ஒக்டோபரில் அதைக் கைவிட்டது. இந்தக் கம்பனியின் சரக்கு அதை நம்பி இருக்கவில்லை. முதலாளி கூகுளாக இருந்தும், சோனியின் கருவியிலும் பேஸ்புக்கின் கருவியிலும் விற்பனை தொடர்ந்தது. 2020 ஆரம்பத்தில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். 2022இலும் 2024இலும் புதிய விளையாட்டுகளும் வந்தன.

ரெடி அட் டோன் என்ற இன்னொரு கம்பனியைப் பாருங்கள். 2003இல் ஆரம்பமான அது, திறமைசாலிகளின் இடம். அதன் மெய்நிகர் விளையாட்டுகள் ஒகியுலஸ் கருவிகளுக்கே உரியவை. 2020இல் பேஸ்புக்கே அதை வாங்கியது. பெயரை மெட்டா என மாற்றிக்கொண்ட அந்த நிறுவனத்தின் மெய்நிகர் பிரிவு, 2023இல் மட்டும் 1,600 கோடி டொலருக்கு மேல் நட்டம் கண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி 'எக்கோ வீஆர்' என்ற விளையாட்டு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஓகஸ்டில் கம்பனியே மூடப்பட்டது. விளையாட்டுக்கு இரசிகர்கள் இருந்தும், போய் நிற்க வேறு வாசல் இருக்கவில்லை.

பெரிய கையுடன் சேரக் கூடாது என்று சொல்லவில்லை. ஆவ்ல்கெமியும் பெரிய கையிடம்தான் போனது. ஆனால் தன் சரக்கை ஒரே தட்டில் வைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் ஒரே சுப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் சரக்குக் கொடுக்கிறோம்? ஒரே இறக்குமதியாளரிடம் மட்டும் கடனுக்கு எடுக்கிறோம்? இந்த மாதக் கணக்கை எடுத்து, விற்பனையில் எவ்வளவு ஒரே ஆளின் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அரைவாசிக்கு மேல் என்றால், இரண்டாவது வாசலை இன்றே தேடத் தொடங்குங்கள். முதல் வாசல் மூடிய பிறகு தேடுபவருக்குப் பேரம் பேசும் பலம் இருக்காது.