ஐந்தாவது கிண்ணத்தில் வெறும் தண்ணீர்

மேசை மேல் ஒரு கண்ணாடிப் பலகை. நடுவில் ஒரு கைப்பிடி செங்காவிப் பொடி, கோலத்துக்குக் கரை கட்டுகிற அதே காவி. ஞாயிற்றுக்கிழமை ஓவியப் பட்டறைக்கு வந்திருந்த நாங்கள் சுற்றி நின்றோம். டிராயிங் மாஸ்டர் பொடியை ஐந்து கிண்ணங்களில் பங்கிட்டார். முதல் கிண்ணத்தில் பிசின் கரைசல் ஊற்றினார். இரண்டாவதில் முட்டையின் மஞ்சள் கரு, மூன்றாவதில் ஆளி விதை எண்ணெய், நான்காவதில் பால் போன்ற அக்ரிலிக் திரவம். ஐந்தாவதில் வெறும் தண்ணீர்.

“அதுல பசை விட மறந்துட்டீங்க மாஸ்டர்” என்றார் ஒரு கல்லூரி மாணவி.

“மறக்கலம்மா. சாயங்காலம் சொல்றேன்.”

காவிக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. ஐந்து கிண்ணத்திலும் அது ஒன்றேதான். பொடியைப் பரப்பில் பிடித்து வைக்கிற பொருள்தான் வேறு வேறு. அந்தப் பொருள் எப்படி இறுகுகிறதோ அதற்குத் தக்கபடி நம் கையும் வளைந்து கொடுக்க வேண்டும்.

முதல் கிண்ணம் எனக்குப் பழகியது. இருபது வருடமாக நான் வாட்டர்கலர்காரன். அதில் கலக்கும் அரபிக் பிசின், நம் கருவேலத்தின் ஆப்பிரிக்க உறவுக்கார மரத்திலிருந்து வடிவது. தண்ணீர் ஆவியாகும், பிசின் தங்கும். வேதிமாற்றம் எதுவும் இல்லை. ஈரம் பட்டால் மறுபடி கரையும். தவறு நேர்ந்தால் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டாவது கிண்ணம் அதைக் கலைத்தது. மஞ்சள் கருவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி உருட்டினால் வெள்ளைக் கரு விலகிவிடும். மெல்லிய தோலை இரு விரலால் பிடித்துக் குத்தினால் உள்ளிருப்பது மட்டும் ஒழுகும், தோலை எறிந்துவிடலாம். முதல் தீற்றலுக்கு மேல் இரண்டாவதை இழுப்பதற்குள் முதலாவது காய்ந்துவிட்டது. வழக்கம்போல ஒற்றப் போனேன், உரிந்து வந்தது. மஞ்சள் கருவில் நீரும் புரதமும் கொழுப்பும் கலந்திருக்கின்றன. பிரியாமல் சேர்த்து வைப்பது லெசித்தின். நீர் போனதும் புரதம் நிறத்தைக் கவ்விக்கொள்கிறது. அரைவேக்காட்டு முட்டை தின்ற தட்டை ராத்திரி முழுக்கக் கழுவாமல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஓவியம் பரவுவதற்கு முந்தைய இத்தாலியப் பலகை ஓவியங்களில் முகங்கள் மயிரிழைக் கோடுகளால் நெய்ததுபோல் இருப்பது இதனால்தான். முட்டைக்கலவையைக் குழைக்க அவகாசம் கிடைக்காது. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு போட்டுத்தான் நிழல் கொண்டுவர வேண்டும்.

எண்ணெயோ நேர் எதிர். காலையில் பூசியது சாயங்காலமும் அப்படியே இருந்தது. இங்கே ஆவியாக நீரே இல்லை. ஆளி விதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. இறுகும்போது எடைகூடக் கொஞ்சம் ஏறும். தேங்காய் எண்ணெயில் குழைத்தால் வருடக்கணக்கானாலும் பிசுபிசுப்புத்தான். அதன் கொழுப்பில் ஆக்சிஜன் பற்றிக்கொள்ள இடம் மிகக் குறைவு. ஆளி விதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும் வினையில் வெப்பம் வெளிப்படும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பற்றலாம். மாஸ்டர் துணிகளையெல்லாம் தண்ணீர் வாளியில் போட்டார்.

எண்ணெயில் காவி ஏன் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது என்பதற்கு அவர் சாக்குப் பொடியைப் பிசினிலும் எண்ணெயிலும் குழைத்துக் காட்டினார். பிசினில் வெள்ளையாக இருந்த பொடி, எண்ணெயில் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டி நிறத்துக்கு மங்கியது. ஒளியை வளைப்பதில் சாக்கும் எண்ணெயும் ஏறத்தாழ ஒரே ஜாதி. பொடிக்கு இடையே காற்று இருந்தால் ஒளி சிதறி வெள்ளை தெரியும். அந்த இடத்தை எண்ணெய் நிரப்பினால் ஒளி ஊடுருவிப் போய்விடும். நனைந்த கூழாங்கல் கறுத்துத் தெரிவதும் இதே கணக்கு.

அக்ரிலிக்கில் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள் நீரில் மிதக்கின்றன. நீர் போனதும் துளிகள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. பால்வெள்ளை மறைவதால் காய்ந்த நிறம் ஒரு சுற்றுக் கறுக்கும். கழுவாமல் விட்ட என் தூரிகை அரைமணியில் குச்சியானது.

சாயங்காலம் ஐந்தாவது கிண்ணத்தின் முறை. மாஸ்டர் ஆளுக்கொரு பலகையில் ஈரச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கொடுத்தார்.

“பசை எங்கே மாஸ்டர்?”

“பாதி சாந்துல இருக்கு, மீதி காத்துல இருக்கு.”

நீற்றிய சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. ஈரத்தில் அது காற்றின் கார்பன் டைஆக்சைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. மேலே பூசிய காவி அந்தப் படிகங்களுக்குள் சிக்கிக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை என்றார். ஆயிரம் வருடமாக அவற்றைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கல்தான்.

சாந்து காய்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டும், திருத்தவும் முடியாது. லியோனார்டோ டா வின்சிக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. மிலானில் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைக் காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார். 1498 வாக்கில் முடிந்த படம் அவர் உயிரோடு இருக்கும்போதே கெடத் தொடங்கியது. 1978இல் தொடங்கிய கடைசிச் சீரமைப்பு 1999 வரை நீண்டது.

நானும் ஒன்று கற்றேன். காவி மலைக்கு மேல் வானம் வேண்டும் என்று என் பெட்டியிலிருந்து பிரஷ்யன் நீலத்தை எடுத்து ஈரச் சுண்ணாம்பில் தீட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வானம் பழுப்பேறிக் கிடந்தது. அந்த நீலம் காரத்தில் சிதைந்து இரும்பின் துருநிறத்துக்குப் போய்விடும். காவி ஏற்கெனவே துருவின் உறவு. அதற்குச் சுண்ணாம்பால் ஒரு கெடுதலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் படம் இன்னும் விரலில் ஒட்டியது. சுண்ணாம்புப் பலகையின் மேல்தோல் இறுகியிருந்தது. பழக்கதோஷத்தில் ஈரத் தூரிகையை எடுத்து அந்தப் பழுப்பு வானத்தை ஒற்றிப் பார்த்தேன். வரவில்லை.