தலைவனில்லாத குழுவில் தலைவனைத் தேடுவது எப்படி?

வாலிபன் ஒருவன் ராணுவ அதிகாரியாக விரும்பிப் பெங்களூர்த் தேர்வு மையத்துக்குச் செல்வானேயானால், அங்கே ஐந்து நாட்கள் பிரதானமாக ஆராயப்படுவது பிறரோடு இணங்கிக் காரியமாற்றும் அவன் மனத்தின் சுபாவமேயாகும்.

கண்ணுக்குப் புலப்படாத அக்குணத்தை அளப்பது எங்ஙனம்? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-இல், பிரிட்டிஷ் ராணுவத்தில் மனோதத்துவ வைத்தியர் வில்ஃபிரட் பியான் வகுத்த உபாயம் அம்மையத்தில் இன்றும் கையாளப்படுகிறது: தலைவனை நியமிக்காமலே குழுவிடம் வேலையை ஒப்படைத்துவிடுவது. ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு, சுமந்து செல்ல ஒரு பாரம். சிவப்புச் சாயம் பூசிய இடத்தைத் தொடலாகாது. தாண்டவேண்டிய இடைவெளியோ பலகையைக் காட்டிலும் நீளம். யோசனை சொல்பவன் யார், பிறன் யோசனைக்குச் செவிகொடுப்பவன் யார், தன் உபாயம் பொய்த்தபின்னும் முகம் கோணாமல் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஓடுபவன் யார் என்பதையெல்லாம் அதிகாரி ஒருவர் மௌனமாகக் குறித்துக்கொள்கிறார். உரக்கப் பேசுபவனே தலைவன் என்ற நம் பாமர அபிப்பிராயம் (அரசியலில் எப்படியோ!) அங்கே செல்லுபடியாவதில்லை.

ஒருவர் கண் ஏமாறலாமாதலின், மனோதத்துவ நிபுணர், நேர்காண்பவர், குழுப்பணி அதிகாரி ஆகிய மூவரும் 15 குணங்களைத் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாளில் கூடி முடிவுசெய்கிறார்கள். தேறாதவர் மறுபடியும் முயலத் தடையில்லை.