தெளிந்த நீர் தூய நீரா?

சுங்கை பாக்காப் வட்டாரத்து ஓடைகள் கழிவுநீரையும் சுமந்து மேற்கே கடலில் கலக்கின்றன. கழிவுநீர் 100 மில்லிலிட்டரில் ஒரு கோடிக் குடற்கிருமிகள் வரை இருப்பதுண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு அடியில் படிகிறது, காற்றூட்டி வளர்க்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன, நீர் தெளிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகள் நீங்கினும் எஞ்சுவன எத்தனை? ஓர் இலட்சம்! ஆகவே குளோரின் அல்லது புற ஊதாக் கதிரால் கிருமியை அழிக்கும் இறுதிப்படியும் வேண்டும்.

கடலின் உப்பும் வெயிலும் அவற்றைக் கொன்றுவிடாவோ? பெரும்பாலானவை மடியும், சேற்றில் ஒதுங்கியவை நெடுநாள் பிழைக்கும். பத்து காவான் கரைச் சேற்றில் வாழும் கெராங் சிப்பி, நீரை வடிகட்டி உண்பதால், அக்கிருமிகளைத் தன்னுள் திரட்டிக்கொள்ளும். அரைவேக்காட்டுக் கெராங்கை விரும்புவோர் இதனை நினைவில் கொள்க; நன்கு வேகவைத்தே உண்க.