தாய்க் குமிழும் தேனீயும்

சிறுபோகத்தில் தம்புள்ளை, கலேவெல பக்கம் சென்றால் வயல்களில் பெரிய வெங்காயம் காயக் கிடக்கும். மாத்தளை மாவட்டத்தின் வறண்ட பகுதிக்கு இது பணப்பயிர். ஆனால் இதன் விதைக்கு இந்தியாவை எதிர்பார்த்திருந்த காலம் நீண்டது. விதை பிழைத்தால் கடன் மட்டுமே மிஞ்சும். விதைப்பவன் உவமையை விளக்கும்போது நாம் மண்ணைப் பற்றியே பேசுகிறோம். விதையின் தரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் மண்ணில் வெங்காய விதை எடுப்பது ஏன் கடினம்? வெங்காயம் ஈராண்டுப் பயிர். முதலில் குமிழ், அக்குமிழ் குளிரை உணர்ந்த பின்னரே பூந்தண்டு. சுமார் 10 பாகை செல்சியசுக் குளிர் பல வாரங்கள் வேண்டும். தம்புள்ளை வெயிலில் அதற்கு எங்கே போவது? ஆகவே சிறுபோகக் குமிழ்களில் நல்லவற்றைச் சேமித்து, குளிரூட்டிப் பெரும்போகத்தில் நடுகிறார்கள். மகா இலுப்பள்ளமவிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இப்பகுதி விவசாயிகளும் இத்துறையில் இணைந்தே கற்றிருக்கிறார்கள். 'தம்புளு ரெட்' என்ற இனம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது.

அடுத்த சிக்கல் பூவில். ஒரு பூந்தலையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 6 விதைகள். ஒரு பூவின் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடுகிறது. அதே பூவின் குறி இரண்டு மூன்று நாட்கள் கழித்தே மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. எனவே வேறொரு பூவின் மகரந்தம் வரவேண்டும். அதைக் கொண்டுவருவது தேனீ. பூத்திருக்கையில் பூச்சிநாசினி தெளிப்பவர் தம் விதையைத் தாமே அழிக்கிறார். மழை விடாமல் பெய்தால் தேனீ வராது, பூந்தலையில் பூஞ்சண நோயும் வரும். பந்தலிட்டுப் பொலித்தீன் விரிப்பது இதனாலேயே.

தேனீக்கு வேலி கிடையாது. பக்கத்து வயலில் வேறு இனம் பூத்தால் இரண்டும் கலந்துவிடும். இனங்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இடைவெளி வேண்டும் என்பார்கள். ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்ய இயலுமா? ஊர் கூடி ஒரே இனத்தைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எமது கிராமச் சங்கங்கள் உரமானியம் கேட்பதோடு நின்றுவிடாமல் இதற்கும் கூடலாமே.

பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. சிறுபோகத்தில் குமிழ் பருக்குமுன்னே சில செடிகள் தாமாகப் பூக்கும். இலவச விதை என்று அதைச் சேர்த்தால், அதன் சந்ததியும் குமிழ் தராமல் பூக்கும் குணத்தையே கொண்டுவரும். விலை ஏறியவுடன் பெரிய குமிழ்களை விற்றுவிட்டு, மிஞ்சிய சிறியவற்றைத் தாய்க் குமிழாக்குவதும் அவ்வாறே. வறுமையில் இதைக் குறைசொல்வது எளிதன்று. ஆனால் இழப்பு அடுத்த போகத்தில் தெரியும்.

கலப்பின விதையைப் பற்றியும் கேட்கிறார்கள். 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர், மகரந்தம் மலடான ஒரு வெங்காயச் செடியைக் கண்டார். அத்தகைய செடியைத் தாயாக்கினால் வேறு இனத்தின் மகரந்தத்தையே அது ஏற்கும். கலப்பின விதை எடுக்க இதுவே வழியாயிற்று. விளைச்சல் அதிகம், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலிராது, போகந்தோறும் வாங்க வேண்டும். தெரிந்தெடுத்த திறந்த மகரந்தச் சேர்க்கை இனமாயின் விதை நம் கையிலேயே தங்கும். சிறு விவசாயிக்குப் பின்னதே நல்லது என்பது என் எண்ணம்.

வெங்காய விதை விரைவில் உயிர் இழக்கும். சாதாரண வீட்டுச் சேமிப்பில் ஓராண்டைத் தாண்டினால் நம்ப முடியாது. யாரிடம் வாங்கினாலும் நாற்றுமேடைக்கு முன் 100 விதைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்து, பத்து நாட்களில் எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். எழுபதுக்கும் குறைவென்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.