மட்டக்குதிரைப் பயிற்சி – குட்டி முதல் சேணம் வரை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கல்வெட்டு, நிகண்டு என்று வழக்கம்போல ஏதாவது தருவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இந்த முறை குதிரையைப் பற்றி எழுதுகிறேன். மட்டாஞ்சேரி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு நயினாருக்கும் குதிரைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் என் பேத்தி மூலம் வந்தது.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் மட்டக்குதிரைகள் நின்றன. பேத்தி ஆசைப்பட்டாள், ஏற்றிவிட்டோம். நூறு அடி போவதற்குள் ஒரு வேன் ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது, குழந்தை சரிந்து விழுந்தாள். நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. குதிரைக்காரர் ஓடிவந்து சாட்டைக் கம்பால் குதிரையின் முகத்திலேயே அடித்தார். பேத்தி தன் காயத்துக்காக அழவில்லை, அந்த அடிக்காகத்தான் அழுதாள்.

குதிரை வாயைத் திறந்தபோது முன்பற்களைப் பார்த்தேன். எல்லாம் சிறிய, வெள்ளை வெளேர் என்ற பால்பற்கள். அப்படின்னா அதற்கு இரண்டரை வயதுகூட நிறையவில்லை. கலூர் வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவு பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தக் குதிரைக்கு யாரு பாடம் சொல்லிக் கொடுத்தாங்க?" "யாரும் சரியாச் சொல்லிக் கொடுக்கலம்மா" என்றேன். அந்தப் பதிலின் விரிவுதான் இக்கட்டுரை.

பல்லைப் பார்த்து வயது சொல்லும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தவர் வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த ஜட்காக்கார பாய். 1970 வாக்கில் நான் பத்து வயதுப் பையன். அப்பாவின் கடைச் சரக்கு அவர் வண்டியில்தான் வரும். "சின்ன நயினாரே, குதிரை பொய் சொல்லாது, விக்கிறவன்தான் சொல்லுவான், பல்லைப் பாரு" என்பார். நடு இரண்டு பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். முளைத்த பல் பெரிதாகவும் சற்று மஞ்சளாகவும் இருக்கும்.

நம்மவர்களும் குதிரையும்

பொதுவாக 14.2 கை உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 148 சென்டிமீட்டருக்கு உட்பட்டதை மட்டக்குதிரை என்கிறோம். கை என்பது நான்கு அங்குலம். பரி, புரவி, மா, இவுளி என்று குதிரைக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஓட்டுபவனுக்கு வாதுவன் என்றும், குதிரை ஓட்டும் வெளிக்கு வையாளி என்றும், ஏறிக் கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்றும் சொல் வைத்தோம். ஆனால் சொல் இருந்த அளவுக்குக் கவனிப்பு இருந்ததா என்பது வேறு கேள்வி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் அரசன் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதினார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுத்தார்களாம். குதிரை விற்க வந்த வணிகர்கள் வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடவில்லை என்றும், குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பதே அவர்கள் கணக்கு என்றும் சொல்கிறார். வியாபாரியாகிய எனக்கு இதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது. வாங்குபவனின் அறியாமைதான் அங்கே லாபம்.

பயிற்சி அறிவு உலகில் இல்லாமல் இல்லை. சுமார் 3400 ஆண்டுகளுக்கு முன் மிதன்னி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவர் தேர்க்குதிரைப் பயிற்சியைக் களிமண் பலகைகளில் நாள் வாரியாக எழுதுவித்தார். அவை இன்றைய துருக்கியில் கிடைத்தன. ஓட்டச் சுற்றுகளை அவர் எண்ணும் சொற்கள் ஏக, பஞ்ச, சப்த போன்ற வடமொழி எண்களுக்கு நெருங்கியவை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான செனொபோன், மகனைத் தொழில் கற்க அனுப்புவதுபோல ஒப்பந்தம் பேசிக் குட்டியைப் பயிற்சியாளரிடம் விட வேண்டும், ஆனால் அது மனிதனிடம் அன்போடு பழகியபின்தான் விட வேண்டும் என்றார். கோபத்தோடு குதிரையின் அருகில் போகவே கூடாது என்பதும் அவர் அறிவுரை. நம் பக்கத்தில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது.

ஐந்து குற்றங்கள்

எங்கள் மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதரின் அடையாளம் குதிரை. ஆனால் குதிரைக்காரனுக்கு நேரடியாகப் பயன்படுவது தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தானின் கொல்லாமை விரதத்துக்குச் சொல்லும் ஐந்து வழுக்கள். துன்புறும்படி கட்டி வைப்பது, அடிப்பது, உறுப்பைச் சிதைப்பது, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவது, தீனியும் தண்ணீரும் தராமல் நிறுத்துவது. உயிரை எடுத்தால் மட்டும் ஹிம்சை இல்லை, இவையும் ஹிம்சைதான். இன்றைய நல்ல பயிற்சியாளர்கள் செய்வதைப் படித்துப் பார்த்தால், அவர்களும் இந்த ஐந்தைத்தான் தவிர்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் புண்ணியம் அல்ல. இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் குதிரை பாடத்தைக் கற்காது, பயத்தைத்தான் கற்கும் என்பதே காரணம்.

தரையில் நடக்கும் பாடம்

முதலில் குதிரை யார் என்று தெரிய வேண்டும். அது வேட்டையாடும் மிருகமல்ல, வேட்டையாடப்படும் மிருகம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம், இரண்டும் தெரியாது. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். ஆகவே பின்னாலிருந்து போகாமல், தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும்.

தொடுதல் முதல் பாடம். குட்டி தாயோடு இருக்கும்போதே கழுத்து, முதுகு, வயிறு, கால் என்று கை பழக வேண்டும். ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்யப் பழக்கினால் பின்னாளில் லாடம் அடிப்பவர் உதை வாங்க மாட்டார். ஏறத்தாழ ஆறு மாதத்தில் பால் மறந்தபின் தலைக்கயிறு மாட்டி நடத்தலாம்.

இரண்டாவது, அழுத்தமும் விடுதலையும். முழுப் பயிற்சியின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. கயிற்றை மெல்ல முன்னே இழுத்துப் பிடியுங்கள். குட்டி ஓர் அடி வைத்த அந்தக் கணமே தளர்த்துங்கள். இழுத்ததனால் அது கற்பதில்லை. தளர்ந்ததனால், 'ஓ, இதைத்தான் கேட்டார்கள்' என்று கற்கிறது. நகர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், அடி வைப்பதில் பயனில்லை என்று அதற்குப் புரிந்துவிடும். இப்படியே நிற்க, பின்னே போக, விரல் பட்டால் பக்கவாட்டில் விலகக் கற்பிக்கலாம். கட்டிப்போட்டு அடங்க வைப்பது இதற்கு நேர் எதிர். அங்கே எதைச் செய்தாலும் விடுதலை கிடையாது.

மூன்றாவது, பயம் தெளிவித்தல். குடை, பிளாஸ்டிக் பை, வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் தூரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவர வேண்டும். மிரண்டால் அடிக்கக் கூடாது. அடித்தால், 'அந்தச் சத்தம் வந்தால் வலியும் வரும்' என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். பேத்தியைத் தள்ளிய அந்தக் குட்டிக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் அதுதான். அடுத்த ஹாரனுக்கு அது இன்னும் உயரத் துள்ளும். இடப் பக்கம் பழகியதை வலப் பக்கமும் தனியாகப் பழக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, குரலும் நீளக் கயிறும். 'நட', 'நில்' என்று ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். பாய் நாக்கைச் சொடுக்கினால் அவர் குதிரை நகரும், நீளமாக மூச்சு விட்டால் நிற்கும். சுமார் மூன்று வயதில், பின்னால் சற்றுத் தள்ளி நடந்தபடி இரண்டு நீளக் கயிறுகளால் ஓட்டலாம். வண்டி இல்லாமலே வண்டி ஓட்டுவது போல. முதுகில் ஆள் ஏறும் முன்பே திரும்பவும் நிற்கவும் அது இப்படிக் கற்றுவிடும். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். இளம் மூட்டுகளுக்கு நெடுநேரம் வட்டத்தில் ஓடுவது ஆகாது.

சேணமும் சவாரியும்

கடிவாளத்தின் இரும்பு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறில் அமரும். அங்கே மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு. முரட்டுக் கை இழுத்தால் அந்த இடம் புண்ணாகும், பிறகு தழும்பாகி உணர்வு மரத்துப்போகும். 'வாய் கெட்ட குதிரை' என்பார்களே, அது இதுதான். உறுப்பைச் சிதைப்பதற்குக் கத்தி தேவையில்லை.

சேணத்தை ஒரே நாளில் போடுவதில்லை. முதலில் துணி, பிறகு வயிற்றுப் பட்டை, அதைத் தளர்வாகக் கட்டிச் சில நாளில் மெல்ல இறுக்குவது, அதன் பின் சேணம், கடைசியில் இரு பக்கமும் ஆடும் அங்கவடி. ஒவ்வொன்றுக்கும் குதிரை காதைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி நிற்கும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. காதைப் பின்னே ஒட்டவைத்தோ வாலைச் சுழற்றியோ நின்றால் ஒரு படி இறங்க வேண்டும்.

ஏறுவதும் அப்படித்தான். முதலில் வயிற்றை மட்டும் முதுகில் சாய்த்து இறங்குவது, பிறகு கால் போட்டு அசையாமல் உட்காருவது, பிறகு ஒருவர் கயிறு பிடித்து நடக்கச் சில அடி, கடைசியாகத்தான் கயிறு இல்லாமல். ஏறுபவர் எடை குறைந்த, அனுபவம் உள்ள பெரியவராக இருக்க வேண்டும். குட்டிக் குதிரை, குட்டிப் பையன், இரண்டும் சேர்ந்து கற்கட்டும் என்று விடுவது இருவருக்கும் ஆபத்து.

எந்த வயதில் ஏறலாம்? மூன்று வயதுக்குப் பிறகு, கூடுமானால் நான்கில், அதுவும் கொஞ்ச நேரம். காலெலும்பு முந்தி முதிரும். முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்தரை வயதுக்கு மேல் ஆகிவிடும். ஆனால் நாம் உட்காருவது முதுகில்தானே.

பாரத்துக்குக் கணக்கு, குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சேணத்தையும் சேர்த்து. 200 கிலோ மட்டக்குதிரைக்கு 40 கிலோ. குழந்தைக்குச் சரி, எனக்கும் என் மருமகனுக்கும் சரியில்லை. நம் நாட்டில் 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளும் மட்டக்குதிரையின் பொதிக்கு 70 கிலோவை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. முள் வைத்த கடிவாளத்தையும் அவை தடை செய்கின்றன.

தீனி கடைசியாக வந்தாலும் கடைசி விஷயம் அல்ல. குதிரைக்கு அடிப்படை உணவு புல். கொள்ளு அதற்கு மேலே. பட்டினி போட்டால் சாதுவாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. சோர்வைப் பணிவு என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். தெம்பு வந்த நாளில் உண்மை தெரியும்.

நாம் செய்யக்கூடியது

நம்மில் யாரும் குதிரை வளர்க்கப் போவதில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையை வேடிக்கை பார்த்தவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் என்று போனால் குழந்தையை ஏற்றத்தான் செய்கிறோம். ஏற்றும் முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். முன்பற்களைக் காட்டச் சொல்லுங்கள். உதட்டோரத்திலும் சேணத்தின் அடியிலும் புண் இருக்கிறதா, நடையில் நொண்டல் இருக்கிறதா, உரிமையாளர் கையைத் தூக்கினால் தலையை வெடுக்கென்று இழுக்கிறதா என்று பாருங்கள். கடைசி அடையாளம் ஒன்றே போதும், அது அடி வாங்கிய குதிரை. குழந்தைக்குத் தலைக்கவசம் கேளுங்கள்.

குதிரைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. மூன்று, நான்கு வருஷம் வருமானமில்லாமல் தீனி போட அவரால் முடிவதில்லை. சீசன் சில வாரம்தான். வாடகை குறைவாக எங்கே என்று பேரம் பேசியவன் நான்தான். பக்கத்தில் வயதான, நிதானமான குதிரை ஐம்பது ரூபாய் அதிகம் என்று அதை விட்டேன். பாண்டியன் காலத்துக் குதிரை வணிகனைப் பற்றிக் கூச்சப்பட்டேனே, அந்தக் கணக்கில் எனக்கும் பங்கு இருக்கிறது. பழக்கிய குதிரைக்கு நாலு காசு கூடக் கொடுத்தால்தான் பழக்குவதற்கு அவருக்கும் மனசு வரும்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். பழகாத குதிரையும் மண் குதிரைதான். அது குதிரையின் பிழையல்ல. அடுத்த முறை பேத்தியோடு போகும்போது, அவளை ஏற்றுவதற்கு முன் பல்லைப் பார்க்க அவளுக்கே சொல்லிக் கொடுப்பதாக இருக்கிறேன். ஜட்காக்கார பாய் எனக்குக் கொடுத்த பாடத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது.